பின்சந்துக் குரல்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? நின்னுக்கிட்டே புருவம் எடுக்க முடியலைன்னு போன தடவை எழுதியிருந்தே. பார்லர்ல உயரமா ஒரு ஸ்டூல் போட்டுக்கோன்னு சொன்னேனே, போட்டுக்கிட்டியா? உன் மகளுக்குப் புது வேலை பிடிச்சிருக்கா?

எனக்கு எப்பவும் போலத்தான். நீ கேலி பண்ணுவியே, "ஊர்ல யார் எதுக்குப் பயந்தாலும் அதை டைப் அடிச்சு அலமாரியில வைக்கிற ஆபீஸ்"னு, அந்த ஆபீஸ்லதான் இன்னும் குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். போன வாரம் ஒரு கிணறு தும்முதுன்னு ஒருத்தர் வந்து சொன்னார். போய்ப் பார்த்தா பழைய மோட்டார் பம்பு. காரணம் தெரிஞ்சுட்டா அது நமக்குச் சரக்கு இல்லை. அட்டையை "விளங்காதவை" அலமாரியிலேருந்து எடுத்து "விளங்கியவை" பெட்டியில போட்டுட வேண்டியதுதான். அந்தப் பெட்டியை யாரும் திறக்குறது கிடையாது. இப்பல்லாம் வர்றதுல முக்கால்வாசி பெட்டிக்குத்தான் போகுது. அலுத்துப்போச்சு அக்கா.

இப்ப எழுதுறது ஒரு உதவிக்கு. உன் தெருவுல புதுசாக் குடிவந்த ஒரு நர்ஸ் எங்களுக்கு எழுதியிருக்காங்க. மத்தியானத்துல, பட்டப்பகல்ல, பின்சந்துலேருந்து யாரோ கூப்பிடுறாங்களாம். கதவைத் திறந்தா ஆள் இல்லையாம். பக்கத்து வீடுகள்லயும் கேட்டிருக்காங்களாம். நான் அங்கே வர்றதா இல்லைன்னு உனக்குத் தெரியும். தெருப் பொம்பளைங்க எல்லாரும் உன் நாற்காலியில உட்கார்ந்து வாயைத் திறக்குறவங்கதானே. பஸ் பார்சல்ல டேப் ரெக்கார்டர் அனுப்புறேன். அவங்க சொல்றதைச் சொன்னபடியே பிடிச்சு அனுப்பு. நீ நடுவுல எதுவும் பேசாதே.

அவரைப் பத்தி எதுவும் எழுத வேண்டாம். அப்பாங்கிற வார்த்தை கண்ணுல பட்டா அதோட மூடி வச்சுடுவேன். மிச்சத்தைப் படிக்க மாட்டேன். சொன்னா சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி

*

ஜனவரி 27

தம்பிக்கு,

அக்கா. நான் இருக்கேன். முட்டியும் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் சகிச்சுக்கிட்டு ஓடுது. ஸ்டூல் வாங்கினேன், அதுல ஏறி உட்காரவே இன்னொரு ஸ்டூல் தேவைப்படுது. மகளுக்கு வேலை பிடிச்சிருக்கு, மேனேஜரைப் பிடிக்கலை. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாச் சொல்லு.

செங்கல் கனத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்து சேர்ந்துச்சு. எனக்கு வேலைவெட்டி இல்லைன்னு எப்படிடா கண்டுபிடிச்சே? சரி, கேட்டுட்டியே. மூணு பேர்கிட்ட பேசிப் பிடிச்சிருக்கேன். நர்ஸ், கணக்கு டீச்சர், பேக்கரிக்காரர் சம்சாரம். நர்ஸ் பொய் சொல்ற பொண்ணு இல்லை. ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குற ஆள். பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குப் பின்பக்க மதிலுக்கு அந்தாண்ட குரல் கேட்குதாம். ஆம்பளையா பொம்பளையான்னு தெரியலையாம். எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறக்குறதுக்குள்ள சத்தம் நின்னுபோயிடுதாம். பயமா இருந்துச்சான்னு கேட்டேன். "பயம் இல்லக்கா, போய் என்னன்னு கேட்கணும் போல இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்குது. நீ பேசாதேன்னியே, அந்தக் கேள்வி மட்டும் டேப்ல இருக்கும். வெட்டிக்கோ.

குரல் என்ன சொல்லுதுன்னு மூணு பேரும் அவங்க வாயாலயே சொல்லிக் காட்டியிருக்காங்க. கவனமாக் கேளு. நீயே கேளு.

அவரைப் பத்தி ஒரு வரி எழுதலை, பார்த்தியா. பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போதலைன்னு ரெண்டாவது ஒண்ணு போட்டிருக்கேன். அது கதவைப் பத்தி. நேத்து ஒரு காலேஜ் பொண்ணுக்கு ஒரு புருவம் முடிச்சு மறு புருவம் தொடுறதுக்குள்ள பின்கதவு சத்தம் கேட்டு, கையில நூலோட சந்துல ஓட வேண்டியதாப் போச்சு. திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பாதி மூஞ்சியோட கண்ணாடி முன்னாடி உட்கார்ந்திருந்துச்சு. ஏன் ஓடினேன்னு எழுத மாட்டேன். உன் சட்டம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், எனக்குக் கொஞ்சம் சளி. நீ ஓடுற வேலை எல்லாம் வச்சுக்காதே, முட்டி கெட்டுப்போகும்.

டேப் வந்துச்சு. அருமையாப் பண்ணியிருக்கே. டைப்பிஸ்ட் அம்மா அடிச்ச நகலை இதோட வச்சிருக்கேன். சொன்னவங்ககிட்ட படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்பு. பேச்சுல வர்ற இழுவையை எல்லாம் அந்த டைப்பிஸ்ட் அம்மா வெட்டிடுவாங்க. "வந்து", "அதாவது", "என்னன்னா", இதெல்லாம். வெட்டலைன்னா பக்கத்துக்குப் பாதி "வந்து"தான் இருக்கும். அது எங்க ஆபீஸ் முறை.

நான் நகலைப் படிச்சேன். டேப்பை முழுசாக் கேட்க நேரமில்லை. ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு அட்டையைக் கையில வச்சுக்கிட்டு இது பம்பு இல்லைன்னு தோணுச்சு. இயக்குநர்கிட்டயும் சொன்னேன். கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருந்து போட்டுக்கோ.

தம்பி

*

பிப்ரவரி 21

தம்பிக்கு,

சளிக்கு ஆவி பிடி. இங்கே மூணு நாளா சரியான தூக்கம் இல்லை, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை.

உங்க டைப்பிஸ்ட் அம்மா கத்திரி வச்சிருக்காங்களா, அரிவாள் வச்சிருக்காங்களா? நகலைப் படிச்சு மூணு பேரும் முழிக்கிறாங்க. "ஒரு குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை." அவ்வளவுதான் இருக்கு. அந்தக் குரல் என்ன சொல்லுச்சு? அது சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதைப் போய் இழுவைன்னு வெட்டி எறிஞ்சிருக்கீங்க. ஒரு மனுஷன் தொண்டை கிழியக் கூப்பிடுறது உங்களுக்கு இழுவையா?

மனுஷன்னு எழுதிட்டேன். அடிச்சுடு. குரல்.

யாரும் கையெழுத்துப் போடலை. திருப்பி அனுப்புறேன். உட்கார்ந்து ஒழுங்காக் கேளுங்க.

அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டுடுச்சு. நீ நல்லாத் தூங்குறியா இப்ப?

நீ சொன்னது சரி. தப்பு எங்க மேலதான். டைப்பிஸ்ட் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், சொல்றவங்க வந்து வந்துன்னு இழுத்தாங்க, வழக்கம் போல வெட்டினேன்"னாங்க. அப்பத்தான் எனக்கு வெளிச்சம் வந்துச்சு. இழுத்தது சொன்னவங்க இல்லை, அந்தக் குரல். குரல்தான் "வந்து... வந்து..."ங்குது. மூணு வீட்டுலயும் அதே. எதையோ சொல்ல ஆரம்பிச்சு, ஆரம்பத்துலயே நின்னு, சொல்லாம அடுத்த வீட்டுக்குப் போயிடுது. அக்கா, இந்த மாதிரி ஒண்ணு எங்க அலமாரியில கிடையாது. "வந்துக் குரல்"னே பேர் வச்சாச்சு. இயக்குநர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டார்.

வரைபடம் போட்டுப் பார்த்தேன். பின்சந்துல அத்தனை வீடு இருக்க, குரல் மூணே வீட்டுலதான் நிக்குது. பேக்கரிக்காரர் வீடு, டீச்சர் வீடு, கடைசியில நர்ஸ் வீடு. நடுவுல இருக்குற வீடுகளைத் தாண்டிப் போயிடுது. இந்த மூணு வீட்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லு. ஒரே கொத்தனார் கட்டினதா? எனக்கு இப்ப ஆபீஸ் வரவே ஒரு காரணம் இருக்குற மாதிரி இருக்கு.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

பதில் தாமதம். வலது மணிக்கட்டு சுளுக்கு. எப்படிச் சுளுக்குச்சுன்னு கேட்காதே. இழுத்துக்கிட்டு வரும்போது சுளுக்குச்சு, என்னத்தை இழுத்தேன்னு எழுதினா நீ படிக்க மாட்டே. பார்லரை மத்தியானத்துல சாத்திட்டேன். காலையில வர்றவங்க வரட்டும்.

மூணு வீட்டுக்கும் பொதுவா என்னன்னு கேட்டிருந்தே. இப்ப இருக்குறவங்களை விடு, எல்லாரும் புதுசாக் குடிவந்தவங்க, பழைய ஆளுங்களை யாருக்கும் தெரியாது. முன்னாடி அங்கே யார் இருந்தாங்கன்னு யோசி. பேக்கரிக்காரர் வீட்டுல முன்னாடி ஒரு கேரம் போர்டு இருந்துச்சு. டீச்சர் வீட்டுல முயல் வளர்த்தாங்க. நர்ஸ் வீட்டுல உன் உயிர்க் கூட்டாளி இருந்தான்னு நான் சொல்லணுமா? பள்ளிக்கூடம் விட்டா பையைத் தூக்கிப் போட்டுட்டு அந்த மூணு வீட்டுக்கும் ஓடினது யாருன்னு உனக்கு வரைபடம் வேணுமா? இருட்டுறதுக்கு முன்னாடி அந்தச் சந்து வழியாப் போய் வீடு வீடா நின்னு கூட்டிட்டு வந்தது யாரு?

இன்னொண்ணு. அது "வந்து" இல்லை. நாக்கை மேல மடிச்சுச் சொல்லிப் பாரு. பல் இல்லாத வாயால சொன்னா அப்படித்தான் கேட்கும்.

இதுக்கு மேல என்னை எழுத வைக்காதே. எனக்குக் கை வலிக்குது. நிஜமாவே வலிக்குது.

அக்கா

*

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கையை வெந்நீர்ல வச்சு நீவி விடு. அலட்சியமா இருந்துடாதே.

கோபிச்சுக்காதே, ஆனா பதிவு பண்றவங்க செய்யக்கூடாத ஒண்ணை நீ செய்யுறே. சொன்னவங்க சொல்லாததை நீ சேர்க்குறே. கேரம் போர்டு, முயல்னு நம்ம வீட்டுப் பழங்கதையை எல்லாம் இதுல கலக்காதே. நான் விளையாடின வீடுங்கிறது தற்செயல். சந்துல பாதி வீட்டுல நான் விளையாடியிருக்கேன். உனக்கு எதையாவது சாக்கு வச்சு அந்தப் பேச்சுக்குள்ள என்னை இழுக்கணும். வேண்டாம்னு சொல்லியாச்சு.

நல்ல செய்தி சொல்றேன். இயக்குநர் ஒத்துக்கிட்டார். இந்த மாசக் கடைசியில ஆபீஸ்லேருந்து நாலு பேர் வர்றாங்க. பின்சந்துல மைக்கும் கேமராவும் வச்சு மத்தியானம் பூரா உட்காரப் போறாங்க. வார இதழ்க்காரர் ஒருத்தரும் கூட வர்றார். குரல் வந்ததும் ரெண்டு முனையிலயும் ஆளை நிறுத்திச் சந்து முழுசையும் மடக்கிடலாம்னு திட்டம். நான் வரலை. நீ அவங்களுக்கு டீ மட்டும் போட்டுக் கொடு, போதும்.

தம்பி

*

ஏப்ரல் 11

அப்பா.

முதல் வார்த்தையிலயே எழுதிட்டேன். மூடி வைக்கிறதா இருந்தா வச்சுக்கோ. நலம் விசாரிக்கிற நிலைமையில நான் இல்லை.

சந்துல கூப்பிடுறது அப்பா. "வந்து" இல்லடா, "வண்டு". உன்னைத்தான். ஒரு இடத்துல உட்காராம நீ வீட்டுக்கு வீடு பறப்பேன்னு அவர் உனக்கு வச்ச பேர். அம்மா கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. பல்செட்டைக் கழட்டி எங்கேயாவது வச்சுடுறார், குரலும் உடைஞ்சு போச்சு, அதான் அப்படிக் கேட்குது. பள்ளிக்கூடம் விடுற நேரம் ஆனா போதும், செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். பையன் இன்னும் வீட்டுக்கு வரலையாம். நான் ஓடிப் போய் இழுத்துட்டு வருவேன். வரமாட்டேன்னு திமிறுவார். கை சுளுக்கினது அப்படித்தான். பின்சந்துல எதிர்வீட்டு டாக்ஸிக்காரருக்கு மட்டும் தெரியும். பார்த்துட்டு, பாவம், வாயைத் திறக்கலை.

அம்மா போன அன்னைக்கு நீ சாயங்காலம்தான் வந்து சேர்ந்தே. வாசல்ல நின்னவர் அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பார்த்துக் கேட்டார், "நீங்க யாரு? எங்கேருந்து வர்றீங்க?" நீ பையைக் கூடக் கீழே வைக்காம திரும்பிட்டே. உன்னைக் குத்தம் சொல்லலை. நம்ம அப்பாவுக்குக் கோபம் வந்தா மரியாதை வந்துடும். பஸ்ல டிக்கெட் எடுக்காதவனை "ஐயா எந்த ராஜாங்கத்துலேருந்து வர்றீங்க"ன்னு கேட்ட கண்டக்டர். மார்க் குறைஞ்சா "வாங்க சார், உட்காருங்க சார்"னு உன்னை அழ வச்சவர். "நீங்க"ன்னதும் நீ நினைச்சதைத்தான் நானும் நினைச்சேன். தாமதமா வந்த மகனைச் சபையில வச்சுக் கிழிச்சுட்டார்னு நானே அவர்கிட்ட சண்டை போட்டேன். கொஞ்ச மாசம் கழிச்சு என்னைப் பார்த்து, "நீங்க பார்லர்காரம்மாவா?"ன்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அன்னைக்கு அவர் உன்னைக் குத்தலாக் கேட்கலை. நிஜமாவே யாருன்னு தெரியாமதான் கேட்டிருக்கார்.

அப்பவே உனக்கு எழுதினேன். பிரிக்காமத் திருப்பி அனுப்பினே. இன்னொரு தடவை எழுதினேன், அதுவும் வந்துச்சு. சரி, கடிதமாவது வரட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். நீ டேப் ரெக்கார்டர் அனுப்பினப்போ, கடவுளே, ஊர்க்காரங்க வாயாலயாவது இவன் காதுக்குப் போகட்டும்னு நினைச்சேன். போச்சு, போய் இழுவையில சேர்ந்துச்சு.

நாலு பேர் வந்து அவரைச் சந்துல மடக்கிப் படம் பிடிக்கப் போறாங்க. வார இதழ்ல போடுவாங்க. நீ வராட்டிப் போ, ஆனா அவங்களை அனுப்பாதே. எனக்கு இனிமே ஓட முடியாது. இப்பல்லாம் சில நாள் அந்தப் பேரும் அவர் வாயில வர மாட்டேங்குது. கதவுகிட்ட நின்னு யோசிக்கிறார். அதுவும் போயிடுச்சுன்னா அப்புறம் நீ வந்து என்ன, வராட்டி என்ன.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதல் வார்த்தையோட மூடி மேசை டிராயர்ல போட்டேன். சொன்னபடி செஞ்சுட்டேன்னு கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அதை உன்கிட்ட மறைக்கலை.

குழு கிளம்புறதுக்கு முந்தின நாள் டைப்பிஸ்ட் அம்மா டேப்பைத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தாங்க. பாதியில நிறுத்திட்டு வந்து, "சார், நான் தப்பா வெட்டிட்டேன் சார். நர்ஸம்மா வந்துன்னு சொல்லலை, வண்டுன்னு சொல்றாங்க. வண்டுன்னா யாராவது பேரா சார்?"ன்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சுப் போய்க் கை கழுவிட்டு வந்தேன். கையில ஒண்ணும் இல்லை. அப்புறம் டேப்பைக் கேட்டேன். முழுசா. அதுக்கு அப்புறம்தான் டிராயரைத் திறந்தேன்.

குழு வரலை. வார இதழ்க்காரர்கிட்ட பம்புன்னு சொல்லிட்டேன். மூணு அட்டையையும் விளங்கியவை பெட்டியில போட்டாச்சு. இயக்குநர் காரணம் கேட்டார். சொந்தக் காரணம்னேன். ஒரு மாதிரியாப் பார்த்தார், பார்க்கட்டும்.

என்ன எழுதுறதுன்னு தெரியலை அக்கா. நீ ஒருத்தியா ஓடியிருக்கே, நான் இங்கே வரைபடம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நீண்ட லீவு எழுதிக் கொடுத்துட்டேன். சனிக்கிழமை வண்டி ஏறுறேன். நான் வந்ததும் நீ மகள் வீட்டுக்குக் கிளம்பு. மறுத்துப் பேசாதே.

தம்பி

*

மே 14

தம்பிக்கு,

மகள் வீட்டுலேருந்து எழுதுறேன். எல்லாரும் நல்லா இருக்கோம். வந்ததுலேருந்து தூங்குறேன். எந்திரிச்சுச் சாப்பிட்டுட்டு மறுபடி தூங்குறேன். மகள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டா. அவர் பார்த்துட்டு, இது வெறும் தூக்கம்தான்னு சொல்லிட்டுப் போனார்.

பல்செட் காணோம்னா முதல்ல அரிசி டப்பாவுல பாரு. மாத்திரையை ரொட்டிக்குள்ள வச்சுக் கொடு, தனியாக் கொடுத்தா துப்பிடுவார். ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டுப் பூட்டிடு. நீ இறங்கி வந்து நின்னப்போ அவர் உன்னைப் பார்த்து, "வீடு வாடகைக்கு இல்லைங்களே"ன்னார் பாரு, அதை மனசுல வச்சுக்காதே. என்னை இத்தனை நாளா வேலைக்காரியாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கார், அதுவும் சுமாரான வேலைக்காரி.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இந்த மாசம் அவரைப் பத்தி எனக்கு எதுவும் எழுதாதே. நல்லதுன்னாலும் வேண்டாம். படிச்சா ஓடி வரணும்னு தோணும். எனக்குக் கொஞ்ச நாள் ஓடாம இருக்கணும்டா.

அக்கா

*

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லாத் தூங்குறேன்னு தெரிஞ்சதுல நிம்மதி. இன்னும் தூங்கு. எனக்கு முதுகு வலி, வேற ஒண்ணும் இல்லை. எழுதாதேன்னு சொன்னே. மாசம் முடியட்டும்னு காத்திருந்து இன்னைக்கு எழுதுறேன். இது உன் கைக்கு ஜூன்லதான் வரும், அதனால பேச்சு மீறலை. ஓடி வர்ற மாதிரி எதுவும் இல்லை, பயப்படாதே.

உன் வாடிக்கையாளர் ஒருத்தர் விடாம வந்து கதவைத் தட்டுறாங்க. பார்லர் லீவுன்னா, "நீங்க எடுக்க மாட்டீங்களா?"ன்னு என் கையைப் பார்க்குறாங்க. நூலைக் கையில எடுத்துப் பார்த்தேன், வச்சுட்டேன்.

வந்ததுலேருந்து ரெண்டு தாழ்ப்பாளும் போட்டுப் பூட்டி வச்சேன். அந்த நேரம் வந்தா கதவுகிட்ட போய் நிப்பார். ஆட்டிப் பார்ப்பார். சத்தம் போட மாட்டார். என்கிட்ட வந்து, "சார், கொஞ்சம் திறந்து விடுறீங்களா? பையனைக் கூட்டிட்டு வரணும்"னு கேட்பார். நான் சாவி இல்லைம்பேன். சரிங்கன்னு போய் மறுபடி கதவுகிட்ட நிப்பார். நீ இதை வருஷக்கணக்கா எப்படிப் பார்த்தேன்னு தெரியலை. எனக்கு ஒரு மாசம் கூடத் தாங்கலை.

நேத்து திறந்து விட்டேன். கூடவே நானும் போனேன். சந்துல நடக்கும்போது என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார், படி வர்ற இடத்துல "பார்த்து வாங்க"ன்னார். பேக்கரிக்காரர் வீட்டு மதில்கிட்ட நின்னு கூப்பிட்டார். டீச்சர் வீட்டுகிட்டயும் கூப்பிட்டார். நர்ஸ் வீட்டுக்குப் போறதுக்குள்ள குரல் அடைச்சுப்போச்சு. வாயைத் திறக்குறார், காத்துதான் வருது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ஒரு தடவை கூப்பிடுறீங்களா? வண்டுன்னு கூப்பிட்டா வருவான்"னார்.

கூப்பிட்டேன் அக்கா. முதல் தடவை சரியா வரலை. ரெண்டாவது தடவை சத்தமாவே கூப்பிட்டேன். நர்ஸ் கதவைத் திறந்துட்டாங்க. தூக்கக் கலக்கத்தோட அவரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. புரிஞ்சுடுச்சு அந்தப் பொண்ணுக்கு. "இங்கே வரலைங்க ஐயா. வந்தா உடனே அனுப்பி வைக்கிறேன்"னாங்க. அவர் ரொம்ப நன்றிங்கன்னு கும்பிட்டார்.

திரும்பி வர்ற வழியில டாக்ஸிக்காரர் வீட்டு நிழல்ல கொஞ்சம் நின்னோம். என் முழங்கையைப் பிடிச்சபடியே அவரா பேச ஆரம்பிச்சார். "கோபக்காரன் சார் எங்க பையன். ஒரு சொல் தாங்க மாட்டான். நான் ஏதோ சொல்லிட்டேன் போல இருக்கு. என்ன சொன்னேன்னுதான் எவ்வளவு யோசிச்சும் வர மாட்டேங்குது"ன்னார். "ஒண்ணும் தப்பாச் சொல்லியிருக்க மாட்டீங்க"ன்னேன். "அப்படியா சொல்றீங்க"ன்னு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் என் முழங்கையை விட்டுட்டார்.

"நீங்க எனக்காக ரொம்ப நேரம் அலைஞ்சுட்டீங்க. வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டுல தேடுவாங்க."

"தேடிக்கிட்டுதாங்க இருக்காங்க"ன்னேன்.

"அப்புறம் என்ன சார் இங்கே நின்னுக்கிட்டு? போங்க முதல்ல"ன்னு அதட்டினார். நல்லா, பழைய கண்டக்டர் அதட்டல்.

போறேங்கன்னு சொல்லிட்டு அவர் பின்னாடியே நடந்து வீட்டுக்கு வந்தேன். ரொட்டிக்குள்ள மாத்திரையை வச்சுக் கொடுத்தேன், சாப்பிட்டுட்டுப் படுத்துட்டார். இன்னைக்கும் அந்த நேரத்துக்குக் கிளம்புவோம். நீ அவசரப்பட்டு வந்துடாதே, இன்னும் கொஞ்ச நாள் தூங்கு.

தம்பி